ஒரு குளத்தின் கதையைத் தேடுவது எப்படி: வன்னியில் ஊர் வரலாறு எழுதப் புறப்படுவோருக்கு

வன்னியில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பை இருக்கும். சிலரிடம் அது பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் பை, சிலரிடம் ஷொப்பிங் பைக்குள் இன்னொரு ஷொப்பிங் பையாகச் சுற்றிய பொட்டலம், சிலரிடம் பிஸ்கட் ரின். உள்ளே காணி உறுதி அல்லது பெர்மிட், பிறப்புப் பதிவுகள், கலியாண எழுத்து, கூப்பன் புத்தகம், நாலைந்து போட்டோ. போரில் ஷெல் விழத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக ஆட்கள் கையில் எடுத்தது இந்தப் பையைத்தான். கிளிநொச்சியில் புறப்பட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இழுபட்டு, செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்து, மறுபடி ஊருக்கே வந்து சேர்ந்த பைகள் உண்டு. வராமற்போனவையும் உண்டு.

ஊர் வரலாறு எழுத ஆசைப்பட்டு வருகிற இளம் ஆட்கள் பலர் முதலில் கேட்பது, "கொழும்பு ஆவணக்காப்பகத்துக்கு எப்படிப் போறது?" என்பதுதான். போகலாம், அதற்கான வழியையும் கீழே சொல்கிறேன். ஆனால் கொழும்பில் இருக்கும் கோவை (ஃபைல்) அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். இந்தப் பையும், அதற்குள் இருக்கிற படத்தைக் காட்டி "இது இன்னார்" என்று சொல்லக்கூடிய ஆச்சியும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே பையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு குளத்தைத் தெரிவுசெய்யுங்கள்

"எங்கள் ஊரின் வரலாறு" என்று கொப்பியில் தலைப்பு எழுதியவுடன் ஒரு சிக்கல் வரும். ஊர் எது? இன்றைய கிராம சேவையாளர் பிரிவின் எல்லை நேற்றுப் போட்டது. பழைய விதானையார் பிரிவு வேறு. மீள்குடியேற்றத்தோடு புதிதாக வந்த குடியிருப்புப் பெயர்கள் வேறு. வன்னியில் இவ்வளவுக்கும் அசையாமல் இருப்பது குளக்கட்டு. அதனால்தான் குளம், மடு, மோட்டை, கேணி, தாழ்வு, வில் என்று முடிகிற பெயர்கள் இங்கே இவ்வளவு. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கோவையும் குளத்தின் பெயரில்தான் இருக்கும், நில அளவைப் படமும் குளத்தைத்தான் முதலில் காட்டும், பழைய அதிகாரிகளின் நாட்குறிப்பிலும் "இந்தக் குளம் உடைத்தது, இத்தனை குடும்பம் வெளிக்கிட்டது" என்றுதான் இருக்கும்.

ஆகவே ஒரு குளத்தை எடுங்கள். பெரிய குளம் வேண்டாம். இரணைமடுவையோ கட்டுக்கரையையோ எடுத்தால் மூழ்கிப்போவீர்கள். முப்பது நாற்பது குடும்பம் விதைக்கிற சின்னக் குளம் போதும். ஒரு காலை நேரம் வயதான கமக்காரர் ஒருவரையோ, முன்பு குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானையாக இருந்தவரையோ கூட்டிக்கொண்டு குளக்கட்டில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடவுங்கள். துருசு (மதகு) எது, வான் (மிகைநீர் வழி) எங்கே பாயும், அலைகரையில் (நீர் ஏறி நிற்கும் ஓரத்தில்) எதுவரை தண்ணீர் நிற்கும், எந்த வயலுக்கு என்ன பெயர், குளக்கட்டில் நிற்கும் வயிரவருக்கு யார் பொங்குவது, கட்டு எங்கே உடைத்தது என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் கையாலேயே வரையுங்கள். அளவு பிசகினாலும் பரவாயில்லை. இனிமேல் கிடைக்கப்போகும் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு உறுதியையும் இந்தத் தாளில் ஓர் இடத்தில்தான் பொருத்தப்போகிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பழக்கமான பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை இன்றும் நிற்கிற இடங்கள் இருக்கின்றன, பலகை விழுந்துபோன இடங்களும் இருக்கின்றன. ஊர் ஆள் இல்லாமல் போகவே கூடாது. பழைய ஓடோ செங்கல்லோ கண்டால் படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், கிண்டாதீர்கள். அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடிக் கிண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், கிண்டி எடுத்த பானையோட்டுக்கு அது கிடந்த மண்ணடுக்கின் சாட்சி போய்விடும். கட்டுக்கரையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் செய்தது போன்ற ஒழுங்கான அகழாய்வுக்கு உங்கள் குறிப்பு ஒருநாள் உதவட்டும்.

எந்தக் கச்சேரிக்குக் கீழே?

இது சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் ஆவணம் தேடப் போனால் பஸ் காசுதான் வீண். முல்லைத்தீவு தனி மாவட்டமாக வந்தது 1978இல். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் கிளிநொச்சிக் காணிக் கோவைகள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) உரியவை, முல்லைத்தீவுப் பக்கத்தில் பெரும்பங்கு வவுனியாவுக்குரியவை. இன்னும் பின்னே போனால், 1833இல் வட மாகாணம் உருவானபோது அனுராதபுரப் பக்கமும் அதற்குள் இருந்தது, 1873இல்தான் பிரிந்து வடமத்திய மாகாணம் ஆனது. அதற்கும் முந்திய ஒல்லாந்தர் தாள்களில் மாவட்டமே கிடையாது, பற்றுகள்தான்: பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி. உங்கள் குளம் எந்தக் காலத்தில் எதற்குள் இருந்தது என்று ஒரு சின்ன அட்டவணை போட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

குடிசன மதிப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீவு முழுவதற்குமான முதல் கணக்கு 1871இல் எடுத்தது. பிறகு பெரும்பாலும் பத்துப் பத்து ஆண்டாக வந்து 1981இல் நின்றது. 2001இல் எடுத்த கணக்கு இங்கே முழுமையாக நடக்கவில்லை. அடுத்தது 2012. நடுவில் 31 ஆண்டு வன்னியின் தலைகளை யாரும் முறையாக எண்ணவில்லை. அந்த 31 ஆண்டுக்கு வீட்டுப் பைகளும் பள்ளிக்கூட இடாப்புகளும் ஆட்களின் நினைவும்தான் கணக்கு.

படத்தோடு இருங்கள்

ஒரு வீட்டுக்குப் போனால் முதல்நாள் கமராவையும் ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை, "ஆச்சி, பழைய படம் ஏதும் இருக்கோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலில் வருவது கலியாண அல்பம். பொறுமையாக அதையும் பாருங்கள். அதற்குப் பின்னால்தான் அடியில் கிடக்கிற சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் வரும்.

"இது எந்த வருசம்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் பிழையாக இருக்கும். கேட்டதற்காகச் சொல்லிவிடுவார்கள். சம்பவத்தைப் பிடித்துக் கேளுங்கள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்கு முதலா பிறகா? சிறிமா காலத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை போன நாளிலா? முத்தையன்கட்டு, விசுவமடுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கொடுத்த பிறகா? எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுச் சனம் வந்த பிறகா? ரெயில் ஓடிய காலமா? யாழ்ப்பாணச் சனம் கிளாலி தாண்டி வந்த தொண்ணூற்றைந்துக்கு முன்னா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில் அநேகமாகப் பிசகாது, ஏனென்றால் அந்த நாளில் எந்தப் பிள்ளை கையில், எந்தப் பிள்ளை வயிற்றில் என்பது அவர்களுக்கு மறக்காது.

படமும் பேசும். பின்னால் பஸ் நின்று அதில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) அடையாளம் தெரிந்தால் 1958க்குப் பிந்தியது, அந்த ஆண்டுதான் பஸ்கள் அரசுடைமையாயின. ரெயில் பாதை தெரிகிறதா பாருங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முழுப்பாதையும் 1905 ஓகஸ்டில் திறந்தது. 1990இல் ஓட்டம் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. திரும்ப ரெயில் கிளிநொச்சிக்கு வந்தது 2013இல். மாங்குளத்திலோ பரந்தனிலோ தண்டவாளத்தின் மேல் நின்று எடுத்த படம் என்றால் இந்த இரண்டு காலத்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். கிளிநொச்சியின் பெரிய தண்ணீர்த் தாங்கி நேராக நிற்கிறதா சரிந்து கிடக்கிறதா என்பதும் ஒரு திகதி. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை முழுக்கட்டடமாகத் தெரிந்தால் இன்னொரு திகதி. கூரையைப் பாருங்கள்: கிடுகா, ஓடா, தகரமா, நிவாரண நிறுவன எழுத்துப் போட்ட தறப்பாளா?

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எழுபதுகள், எண்பதுகளின் படங்கள் ஓரளவு கிடைக்கின்றன. 1990க்கும் 2002க்கும் இடையில் படமே அரிது. பொருளாதாரத் தடையில் பற்றரிக்கும் எரிபொருளுக்கும் சனம் அலைந்த நாளில் பிலிம் சுருளுக்கு எங்கே போவது? 2002இல் ஏ9 பாதை திறந்ததும் திடீரென்று வர்ண அல்பங்கள் பெருகுகின்றன, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களோடு வாசலில் வரிசையாக நின்று எடுத்த படங்கள். நடுவிலிருக்கும் அந்த வெறுமையையும் உங்கள் வரலாற்றில் எழுதுங்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குக் குழந்தைப்பருவப் படம் ஒன்றுகூட இல்லை.

மூலத்தை வீட்டை விட்டு எடுத்துப் போகாதீர்கள்

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஓர் ஆச்சியிடம் ஏழு படங்களை இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி வாங்கிப் போனேன். ஸ்கேனர் பழுதாகி ஐந்து நாளாயிற்று. திரும்பிப் போனபோது ஆச்சி படலையடியிலேயே நின்றார். அந்த ஐந்து இரவும் அவர் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்று மகள் சொன்னா. அத்தனை இடப்பெயர்விலும் மடியில் கட்டிக் காத்ததை நான் ஒரு கடதாசிக் கவரில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அதற்குப் பிறகு எவருடைய மூலத்தையும் அவரது முற்றம் தாண்டி எடுத்துப் போனதில்லை.

செய்முறை சுலபம். சின்ன ஸ்கேனர் ஒன்றை மடிக்கணினியோடு எடுத்துப் போகலாம். படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள், தாள்களுக்கு 300 போதும். மூலப் பிரதியை ரிஃப் கோப்பாகவும், அனுப்பவும் பார்க்கவும் ஜேபெக் கோப்பாகவும் சேமியுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் போனே போதும்: முற்றத்தில் மரநிழலில், நேர்வெயில் படாத இடத்தில், ஒரு கறுப்புத் துணியில் படத்தை வைத்து, பிளாஷ் போடாமல், நேர்மேலே பிடித்து எடுங்கள். படத்தின் முன்பக்கத்தை எடுத்தால் பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, அன்பளிப்பு வரி, பேனையில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஒட்டும் தாள் அல்பத்தில் பிடித்துப்போன படத்தை உரிக்காதீர்கள், அப்படியே எடுங்கள். தண்ணீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியவற்றையும் பிரிக்காதீர்கள். பிறப்புப் பதிவையும் உறுதியையும் லமினேட் செய்து வைத்தால் பாதுகாப்பு என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அந்தச் சூடும் பசையும் தாளைக் காலத்தில் கெடுத்துவிடும், பிறகு கழற்றவும் முடியாது. நல்ல கடதாசி உறையில் போட்டு, கறையான் ஏறாத உயரத்தில், ஈரமில்லாத பெட்டியில் வைக்கச் சொல்லிக்கொடுங்கள். நீங்களே நாலு உறை வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. படத்தின் பின்னால் எழுத வேண்டி வந்தால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பேனை வேண்டாம்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் படாதீர்கள். குளத்தின் பெயர், வீட்டுக்கு நீங்கள் கொடுத்த எண், படத்தின் எண், இவ்வளவும் பெயரில் இருக்கட்டும். அதே எண்ணைக் கொப்பியில் எழுதி, படத்தில் இடமிருந்து வலமாக யார் யார், யார் சொன்னது, சொன்ன திகதி, எதில் அவர் தயங்கினார் என்பது வரைக்கும் எழுதுங்கள். "நடுவில் நிற்பது சின்னத்தம்பி அப்பு, அல்லது அவரின் தம்பி" என்றால் அப்படியே எழுதுங்கள், நீங்களே முடிவுகட்டாதீர்கள். மூன்று பிரதி வேண்டும்: ஒன்று உங்கள் கணினியில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரின் தட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின, ஏட்டுச் சுவடிகளும் போயின. அவற்றில் ஒரே பிரதியாக இருந்தவை திரும்பி வரவே இல்லை.

தாள்களை வாசிப்பது

உறுதியை எல்லோரும் காணிச் சண்டைக்காகப் பார்க்கிறார்கள். வரலாறு எழுதுகிறவர் அதன் எல்லைப் பகுதியைப் பார்க்க வேண்டும். வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே குளத்து அலைகரை, மேற்கே புளியமரம் என்று எழுதியிருக்கும். நாலைந்து உறுதிகளை வைத்தால் எண்பது வருடத்துக்கு முந்திய அயல் முழுவதும் எழுந்து வந்துவிடும். வயலின் அளவைச் சில பழைய தாள்களில் ஏக்கரில் சொல்லாமல் விதைப்பாட்டில், எத்தனை புசல் நெல் விதைக்கும் நிலம் என்று சொல்லியிருப்பார்கள். அதை அவசரப்பட்டு ஏக்கராக மாற்றாதீர்கள். மண்ணுக்கு மண் விதைப்பு வேறுபடும்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 19இன் கீழ்க் கொடுத்த பெர்மிட்டுகள்தான் வன்னியின் குடியேற்றங்களுக்கு அடிப்படை. பெர்மிட்டில் கொடுத்த திகதியும், துண்டு இலக்கமும், பின்னுரித்தாளர் (அடுத்து உரிமை பெறுபவர்) பெயரும் இருக்கும். வீட்டுப் பிரதி தொலைந்தாலும் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேட்டில் பதிவு இருக்கலாம். காணிக்கச்சேரி (காணி கொடுக்க ஆட்களைத் தெரியும் கூட்டம்) நடந்த நாளை வயதானவர்கள் திருவிழாவைப்போல ஞாபகம் வைத்திருப்பார்கள்: யார் பெயர் கூப்பிட்டார்கள், யார் கிடைக்காமல் அழுதார்கள் என்பதெல்லாம். பெர்மிட்டைக் கையில் கொடுத்துவிட்டு அதைக் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு புத்தகம் கேளுங்கள். ஒன்று சம்பவத் திரட்டுப் புத்தகம், லொக் புத்தகம் என்றும் சொல்வார்கள். வெள்ளம், காய்ச்சல், கட்டடம் திறந்தது, இடம்பெயர்ந்து மரத்தடியில் வகுப்பு நடந்தது எல்லாம் அதிபரின் கையெழுத்தில் இருக்கும். மற்றது சேர்வு இடாப்பு. அதில் "முன்பு படித்த பாடசாலை" என்ற நிரலை மட்டும் எடுத்து எண்ணிப் பாருங்கள். ஊருக்குள் யார் எங்கிருந்து எந்த ஆண்டில் வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது. அதிபரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள், இன்று உயிரோடிருப்பவர்களின் சொந்த விவரங்களை வெளியிடாதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னியின் வரலாற்றை, அதன் கடைசி மன்னன் எனப்படும் பண்டாரவன்னியன் காலத்துக் குடும்பங்களோடு மட்டும் முடித்துவிடுகிற எழுத்து எனக்கு ஒப்பாது. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பைகளில் தோட்டத்துப் பேர்ப்பதிவும், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய பிரசாவுரிமைத் தாள்களும் இருக்கின்றன. பலரிடம் காணித்தாள் இல்லை. தாள் இல்லாதவரின் வரலாறு குறைந்ததாகிவிடாது, அவர்களிடம் குரலைப் பதிவுசெய்யுங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் முல்லைத்தீவு, மன்னார் ஊர்ப் படங்கள் புத்தளத்து வீடுகளில் இருக்கின்றன. உங்கள் குளத்துத் தண்ணீரில் விதைத்தவர் இன்று எங்கே இருந்தாலும் அவரையும் தேடிப் போங்கள்.

வரைபடம்

நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. ஊர்த் தேடலுக்கு நம் கைக்கு மிக உதவுவது அதன் ஒரு அங்குலப் படம், நிலத்தில் ஒரு மைல் தாளில் ஒரு அங்குலம். பின்னர் வந்தது 1:50,000 படம். இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்கள் குளத்தைத் தேடுங்கள். கட்டுக் கோடு மட்டும் போட்டுக் கைவிட்டதாகக் காட்டிய குளம் அடுத்த படத்தில் நீலமாக இருந்தால் நடுவில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். எப்போது, யார், எந்தக் காசில்? அதுவே ஓர் அத்தியாயம். மறுபுறம், வண்டில் பாதைகளைப் பாருங்கள். இன்று காடாகக் கிடக்கும் இடத்தில் பாதைகள் சந்தித்தால் அங்கே ஊர் இருந்திருக்கும்.

எழுத்துக் கூட்டல் உங்களை அலைக்கழிக்கும். ஆங்கிலேயர் தமிழ்ப் பெயரைத் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். ஒல்லாந்தரோ o, e என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதினால் அது நம் உகரம், ஊகாரம். இது தெரியாமல் முல்லைத்தீவை ஒல்லாந்தர் படத்தில் தேடினால் கண்முன் இருந்தும் தென்படாது. வாய்விட்டு வாசியுங்கள், காதுக்குப் பிடிபடும்.

வானிலிருந்து எடுத்த படங்களும் உண்டு. அமெரிக்க உளவுச் செய்மதியான கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்தவற்றை 1995இல் பொதுவில் விட்டார்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடலாம், ஏற்கனவே ஸ்கேன் செய்தவை இலவசம். கூகிள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி இருக்கிறது. பழைய வரைபடத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்த கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச மென்பொருள் உதவும். கணினி வராதவர்கள் எண்ணெய்த்தாளில் குளக்கட்டையும் பாதையையும் படியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு செய்ய இதுவே நல்ல முறை.

கொழும்பும் அதற்கு அப்பாலும்

இவ்வளவும் செய்த பிறகு தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். கொழும்பு 7இல் இருக்கிறது. அடையாள அட்டையும், எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். பென்சில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது அரசாங்க அதிபர், உதவி அரசாங்க அதிபர் நாட்குறிப்புகள். குதிரையிலும் வண்டியிலும் குளம் குளமாகச் சுற்றிய அதிகாரிகள் நாளாந்தம் எழுதியவை அவை. உங்கள் குளத்தின் பெயர் ஒரு வரியில் வந்தாலும் பயணம் வீணில்லை. அத்தோடு ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலையும், குளங்களுக்கு ஆர். எல். புரோகியர் 1930களில் எழுதிய பழைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூலையும் பாருங்கள்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2003இல் சேர்ந்தவை. ஒரு பங்கு கொழும்பில், பெரும்பங்கு ஹேக் நகரத்தில். ஹேக்கிலுள்ள தாள்களையும் வரைபடங்களையும் இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மொழி தெரியாவிட்டாலும் படங்களைப் பார்க்கத் தடையில்லை. அந்தக் காலத்து அச்சு வரைபடமும் வேண்டுமென்றால் ரொபர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு வரைபடம். கண்டியில் சிறையிருந்து 1679இல் தப்பி வன்னிக்காட்டினூடாக மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்ற ஊருக்குப் போனவர் அவர். அந்தப் படத்தில் வடக்கே வன்னியன் ஒருவனின் நாடு என்றே எழுதியிருக்கிறது.

வெள்ளைக்காரர் எழுதினால் வேதவாக்கு என்று எடுக்காதீர்கள். வரி வாங்கவும் ஆட்சி நடத்தவும் எழுதிய தாள்கள் அவை. ஆனால் அவர்கள் எழுதியதைச் சரியாக வாசிக்கவும் வேண்டும். கற்சிலைமடுக் கல்லை எடுங்கள். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன். அவனை இந்த இடத்துக்கு அண்மையில் 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தார் என்பது மட்டுமே அந்தக் கல்வாசகம். எத்தனையோ கட்டுரைகளில் அது "கொன்றார்" ஆகிவிட்டது. கல்லில் அந்தச் சொல் இல்லை. வாசகத்தை எழுத்துக்கெழுத்துப் படியெடுத்து முதலில் வையுங்கள், உங்கள் விளக்கத்தை அதற்குக் கீழே தனியாக எழுதுங்கள். ஆச்சி சொன்னதற்கும் இதே ஒழுங்குதான்.

அரச அலுவலகத்தில் கோவை இருந்தும் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். குளத்தின் பெயர், ஆண்டு, கோவையின் வகை என்று குறுக்கிக் கேட்டால்தான் பதில் வரும்.

காட்டக்கூடாதவை

சில வீடுகளில் சுவரில் மாட்டிய படத்துக்குக் கீழே விளக்கு எரியும். சில வீடுகளில் விளக்கு எரியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளை வருவான் என்று அம்மா இன்னும் காத்திருக்கிறார். அந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அந்தப் படத்தை நீங்களாகக் கேட்காதீர்கள். அவராக எடுத்துத் தந்தால் இரண்டு கையாலும் வாங்கி, சொல்வதைக் கேட்டு, திருப்பிக் கொடுங்கள். பிரதி எடுப்பதென்றால் அவர் சொல்ல வேண்டும். வெளியிடுவதென்றால் மறுபடி வேறொரு நாள் கேட்டு மறுபடி அவர் சொல்ல வேண்டும். சீருடையில் யாரும் நிற்கும் படங்களை இணையத்தில் போடாதீர்கள், அதனால் வரும் விசாரணை அந்த வீட்டுக்குத்தான் போகும். "வைத்திரு, ஆனால் காட்டாதே" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கோப்பின் பெயரிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள், உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கும் தெரியட்டும்.

ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோவது

ஒரு தாளில் ஒரு படம், அந்த இடத்தைக் காட்டும் வரைபடத் துண்டு, தொடர்பான ஆவணத்தில் ஒரு வரி, அதைப்பற்றி ஒருவர் சொன்னது அவர் பேச்சிலேயே ஒரு வரி. இப்படி இருபது தாள் சேர்ந்தால் ஒரு குளத்தின் கதை நிற்கும். வெளியிடச் சம்மதம் உள்ளவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற இடத்துக்கும் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப்பிள்ளைகள் அங்கேதான் தேடுவார்கள். அவர்களிடம் இருக்கிற படங்கள் அந்த வழியாகத்தான் உங்களைத் தேடி வரும்.

அதற்கு முன் ஊரில் காட்ட வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கோ சனம் கூடும்போது மண்டபத்தில் கயிறு கட்டி, படங்களைப் பெரிதாகப் பிரதியெடுத்து, வயதானவர்களின் கண்ணுயரத்தில் தொங்கவிடுங்கள். கதிரை போடுங்கள், நின்று பார்க்க அவர்களால் முடியாது. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வெற்றுத்தாளும் நூலில் கட்டிய பென்சிலும் இருக்கட்டும். "இது என்ர பெரியம்மா", "இது இந்தக் குளமில்லை, மற்றக் குளம்" என்று எழுதுவார்கள். எழுத வராதவர்கள் சொல்வதை எழுத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மாலையில் அந்தத் தாள்களை ஒன்றும் விடாமல் கழற்றி, படத்தின் எண்ணை மூலையில் எழுதி, திகதி போட்டு, அன்றிரவே படியெடுத்து வையுங்கள்.